கனிக்கு வாசம் வருது

காலக் கொஞ்சம் இந்தப் பக்கமா வச்சுக்கோங்க தம்பி. கீழ பை இருக்கு, மிதிச்சிராதீங்க. துணிமணிதான், வேற ஒண்ணுமில்ல. உக்காருங்க, மூணு பேரு தாராளமா உக்காரலாம். பாப்பாவ நல்லா மடியில சாச்சுப் போட்டுக்கோங்க. இந்த பஸ்ல ஜன்னல் ஷட்டரு பாதிக்கு மேல இறங்க மாட்டேங்குது, சாத்தூர்ல ஏறுனதுல இருந்து சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கு. ஐப்பசி மழைல்ல. அடிச்சா அடிக்கட்டும், ஈரம் ஒண்ணும் கெட்டது இல்ல.

மதுரைக்கா? ஆஸ்பத்திரிக்கா? கேக்கவே வேண்டியதில்ல, கையில அந்தப் பெரிய கவர் இருக்கே. பாப்பாவுக்கு என்ன? ஐயய்யோ. வலிப்பா? எப்ப, இன்னைக்கு வெள்ளனயா? காய்ச்சலோட வந்துச்சா, சும்மாவே வந்துச்சா? சும்மாவேதானா. சரி, சரி. பயந்துட்டீகளாக்கும். பயப்படாம எப்படி இருக்க முடியும்? கண்ணு மேல செருகிக்கிட்டு, வாயில நுரையத் தள்ளிக்கிட்டுக் கெடந்தா, கையில கெடக்கிறது நம்ம புள்ளதானான்னே சந்தேகம் வந்துரும். சாவிக்கொத்தக் கையில திணிச்சீகளா? எல்லாரும் அதத்தான் செய்வோம். நானும் செஞ்சேன். இரும்பு கையில இருந்தா நிக்கும்னு சொல்லுவாகள்ல. மதுரையில நாங்க பாக்கிற டாக்டரம்மா அதக் கேட்டுட்டுச் சிரிச்சாக. அவுக சிரிப்பாக. அவுக வீட்டு ஆளா தரையில கெடந்துச்சு?

கவலைப்படாதீங்க தம்பி. உங்க நல்ல நேரம், என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கீக.

ஜன்னலோரமா உக்காந்திருக்கால்ல, அவ என் வீட்டுக்காரி. சண்முகக்கனி. கனின்னுதான் கூப்பிடுறது. இவளுக்கு வலிப்புன்னா யாராவது நம்புவாகளா? பாருங்க, எப்படி உக்காந்திருக்கா. தூங்கல, முழிச்சுத்தான் இருக்கா. இப்படித்தான் இருப்பா, வீட்டுலயும் இப்படித்தான். போன வருஷம் தை மாசத்துல இருந்து ஒரு தடவ கூட வரல. டாக்டரால இல்ல தம்பி, என்னால. அதத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு நெனைக்கேன். பிள்ளையப் பெத்தவரு, தெரிஞ்சு வச்சுக்கோங்க.

நான் தவமணி. சாத்தூருக்கு மேக்க ஒரு பட்டாசு ஆபீஸ்ல போர்மேன். ஆபீஸ்னதும் மேச நாற்காலின்னு நெனச்சிராதீங்க, எங்க பக்கம் பட்டாசு செய்ற எடத்த ஆபீஸ்னுதான் சொல்றது. பொட்டக்காட்டுக்குள்ள தள்ளித் தள்ளி ஒத்த ஒத்த ரூமா கட்டிப் போட்டிருக்கும். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆள் கூடாது. ஒண்ணு போனாலும் மத்தது நிக்கணும், அதுக்குத்தான் தள்ளிக் கட்டுறது.

எனக்கு இது பரம்பரத் தொழில். எங்கய்யா கோயிலுக்கு வாணம் போடுறவரு. அப்பல்லாம் எல்லாம் கருமருந்து, வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்தது. வெளியூர்க் கோயில் கொடைக்குப் போனா மருந்த ஈரச்சாக்குல சுத்தி, பஸ்ல சீட்டுக்கடியில வச்சுக்கிட்டு, வெத்தலையப் போட்டுக்கிட்டு ஜம்முன்னு போவாரு. ஈரத்தப் போட்டு மூடிட்டா மருந்து பச்சப்புள்ள மாதிரி தூங்கிரும்டா தவமணின்னு சொல்லுவாரு. அவரு சாகுறப்ப வீட்டுக் கட்டில்ல படுத்து, கை காலு எல்லாம் முழுசா இருந்து செத்தாரு. எங்க தொழில்ல அது எம்புட்டுப் பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது.

கனிய நான் ஆபீஸ்லதான் பாத்தேன். மருந்து ரூம்ல வேலை. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். காலையில ரூமுக்குள்ள கால வச்ச உடனே மூக்க உறிஞ்சிப் பாப்பா. "ஏ யாருபுள்ள மிச்ச மருந்த மூலையில வச்சிருக்கிறது, எடுத்துக் கொட்டுங்க மொதல்ல"ன்னு சத்தம் போடுவா. பாத்தா இருக்கும். ஒரு மருந்து கலந்து வச்சா, அது சரியா இருக்கா, சூடேறுதா, சண்டித்தனம் பண்ணுமான்னு வாசத்துலயே சொல்லிருவா. அதப் பாத்துத்தான் நானும் மயங்கினேன்னு வச்சுக்கோங்க. கட்டிக்கிட்டு வந்த பெறகு அந்த மூக்கும் அந்த வாயும் நம்ம வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு. சாராயக்கடப் பக்கம் போயிட்டு வந்தா தெருமுனையிலயே கண்டுபிடிச்சிருவா. சிரிக்காதீங்க தம்பி, பட்டவனுக்குத்தான் தெரியும்.

ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி, இதே ஐப்பசி, இதே மழை. ஆர்டர் நெரிச்சுத் தள்ளுது. பொழுது சாயுற நேரத்துல ஒரு பேசின் நெறைய வெள்ளி மருந்து மிச்சமாயிருச்சு. வெள்ளி மருந்துன்னா அலுமினியப் பொடி கலந்தது, பளபளன்னு வெளிச்சம் குடுக்கும். கீழ கொட்ட மனசு வருமா? ஈரச்சாக்கப் போட்டு மூடி வைங்கன்னு சொன்னேன். எங்கய்யா சொன்ன முறைதான. இவ எல்லாப் பொம்பளைகளுக்கும் முன்னாடி என்னைப் பாத்து, "இது உங்கய்யா காலத்துக் கருமருந்து இல்லங்க. வெள்ளி மருந்துல ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே சூடேறும், வெளிய தெரியாது"ங்கிறா. போர்மேன் நானா, இவளா? மூடுங்கன்னா மூடுங்கன்னுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில எல்லாரும் ரூமுக்குள்ள போறாக. இவ வாசல்ல நின்னு மூக்க உறிஞ்சுனா. "வாசம் வருது. எல்லாரும் வெளிய ஓடுங்க"ன்னு ஒரே கத்து. வேலுத்தாய்னு ஒரு புள்ள, புதுசா வந்தவ, அசையாம நின்னுச்சு. அந்தப் புள்ள கொண்டையப் புடிச்சு இவ இழுத்துக்கிட்டு ஓடுறா. நான் வேப்பமரத்துக்கிட்ட நின்னு, "வேலையக் கெடுக்காதடி"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கேன், அந்த ரூம் போயிருச்சு தம்பி. கூரை பறந்து போய்க் காட்டுல விழுந்துச்சு. ஒரு உசுருக்கும் சேதமில்ல.

எதனாலன்னு கேக்கீகளா? எவளோ வளையலோட உள்ள போயிப் பொறி தட்டியிருப்பா. இல்ல, தரையில காலத் தேச்சிருப்பா. எத்தன சொன்னாலும் கேக்க மாட்டாளுக. ஈரத்தால ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா ஆபீஸ்ல ஒருத்தரும் நான் சொல்றத காதுல வாங்கல. பொம்பளைக எல்லாம் இவ கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறாளுக. முதலாளி இவளுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தாரு. என்னைப் பாத்து, "நீ என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்த?"ன்னு ஒரு கேள்வி. இத்தன வருஷம் போர்மேனா இருந்தவன்கிட்ட, அத்தன பேருக்கு முன்னாடி. அன்னைக்குச் சோறு எறங்கல தம்பி.

பெறகு தை மாசம் வந்துச்சு. பொங்கல் முடிஞ்சு வேலை தொடங்குன சமயம். இவ மறுபடியும் கைய நீட்டி, "வாசம் வருது"ன்னா. அவ்வளவுதான், ஆபீஸ்ல இருந்த அத்தன பேரும் ஓட்டம். நானும்தான் ஓடினேன், பொய் சொல்லக் கூடாது. எல்லாரும் மரத்தடியில நிக்கிறோம், ரூம் வெடிக்கல. இவ வெடிச்சா. அப்படியே மரக்கட்டை மாதிரி சாஞ்சு, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். நான் சாவிக்கொத்தத் திணிக்கேன், கனி கனின்னு கத்துறேன், என்னைப் பாத்துக்கிட்டே இருக்கா, அந்தக் கண்ணுக்குள்ள ஆளே இல்ல. அதுதான் தம்பி, நீங்க பஸ்ல ஏறி அந்தப் புள்ளைய மடியில போட்ட விதத்தப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சிருச்சு.

மதுரைக்குக் கூட்டிட்டு ஓடினேன். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், முப்பது இருந்தா அதிகம். தலையில ஒயர மாட்டிப் படம் எடுத்தாக. வலிப்பு வரதுக்கு முன்னால சிலருக்கு இல்லாத வாசம் வருமாம். கருகுற வாசம், ரப்பர் வாசம், அந்த மாதிரி. மூளையே உண்டு பண்ணுற வாசமாம். அதச் சொன்னாக பாருங்க, எனக்கு அப்படியே கண்ணு தெறந்த மாதிரி இருந்துச்சு. அப்ப எல்லாமே வியாதிதான! மூக்கும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. அன்னைக்கு ரூம் போனப்ப வந்த வாசமும் வியாதிதான். குருட்டாம்போக்குல பலிச்சிருக்கு, அதுக்குப் பட்டுச்சேலை. டாக்டரம்மா, "அதுக்காக அவங்க சொல்ற எல்லா வாசத்தையும் வியாதின்னு தள்ளிராதீங்க, நெஜமான வாசமும் அவங்களுக்கு வரும்ல"ன்னும் சொன்னாக. சொல்லிட்டுப் போகட்டும்.

விருதுநகர் வந்துருச்சா? இல்ல, அது தாண்டியாச்சு. பேச்சுல தெரியல.

அந்தம்மா சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ஒத்துக்கல. நீங்க என்ன தொழில்னு கேட்டாக, பட்டாசுன்னேன். "அப்ப உங்களுக்கு ஈசியாப் புரியும்"னுட்டு ஆரம்பிச்சாக. மூளைக்குள்ள கோடிக்கணக்கா நரம்புச் செல்லு இருக்காம். ஒண்ணு துடிச்சா அடுத்ததத் தட்டி விடுமாம். சரவெடி மாதிரின்னு வச்சுக்கோங்கன்னாக. சரத்துல ஒண்ணு ஒண்ணத் தட்டி, அது அடுத்ததத் தட்டி, வரிசையா கடைசி வரைக்கும் போனா அதுதான் நல்ல மூளை. மொத்தச் சரமும் ஒரே நேரத்துல பத்திக்கிட்டா அதுதான் வலிப்பு. திரி நமத்துப் போயி பாதியிலேயே அணஞ்சு அணஞ்சு போச்சுன்னா, ஒரு யோசனையும் முழுசா ஓடாது, ஆள் மந்தமாயிரும். நல்ல மூளை இந்த ரெண்டுக்கும் நடுவுல விளிம்புல நிக்குமாம். அப்படி விளிம்புல நிக்கிறதாலதான் சின்னச் சத்தம், சின்ன வாசம், மனுசன் மொகத்துல வர சின்ன மாத்தம், எல்லாத்தையும் புடிக்குதாம். "மாத்திரைய அளவாக் குடுத்து அவங்கள அந்த எடத்துல நிப்பாட்டணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது"ன்னாக.

விளிம்புலயாம் தம்பி! படிச்சவுக பேசுற பேச்சா இது? வீட்டுல புள்ள குட்டிய வச்சுக்கிட்டு யாராவது விளிம்புல நிப்பாகளா? எங்க ஆபீஸ்ல விளிம்புல நின்னவன் எல்லாம் இப்ப போட்டோவுல மாலையோட நிக்கிறான். நான் கேட்டேன், "ஏம்மா, நமத்துப் போன வெடியால இதுவரைக்கும் யாராவது செத்திருக்காகளா?"ன்னு. அந்தம்மா மாத்திரை அளவ எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டுக் குடுத்தாக.

வீட்டுக்கு வந்தேன். அவுக எழுதுனதுக்கு மேல நானாச் சேத்துக் குடுத்தேன். மருந்துக்கடைக்காரன் தெரிஞ்ச பையன்தான், கேள்வி கேக்க மாட்டான். மொதல்ல கொஞ்சமா, பெறகு இன்னும் கொஞ்சம். ஒரு மாசத்துக்குள்ள பாருங்க, வீடு அப்படியே அடங்கிப் போச்சு. வலிப்பு இல்ல. வாசம் இல்ல. சண்ட இல்ல. நான் எப்ப வந்தாலும் எங்க போனேன்னு ஒரு கேள்வி இல்ல. கொழம்புல உப்பு ரெண்டு தடவ விழும், இல்ல விழவே விழாது, அது போகட்டும். ஒரு நாள் என்கிட்ட வந்து, "தலைக்குள்ள ஈரச்சாக்கப் போட்டு மூடின மாதிரி இருக்குங்க"ன்னா. நான், "அதுதான்டி கனி வேணும், அப்படியே இரு"ன்னேன். அதுக்குப் பெறகு அதையும் சொல்றதில்ல.

வேலையா? வேலைக்கு வாராளே, அதே மருந்து ரூம்தான். வலிப்பு வியாதின்னு தெரிஞ்சா உள்ள விட மாட்டாக, அதனால அன்னைக்கு எல்லாரும் பாத்தது ரத்தக் கொறைவுல வந்த இழுப்புதான்னு டாக்டரே சொன்னதாச் சொல்லி வச்சிருக்கேன். நிறுத்திட்டா ஏன் நிறுத்துனன்னு நாலு பேரு கேப்பான்ல. மூலையில உக்காந்து குடுத்ததச் செஞ்சுக்கிட்டு இருப்பா. ரூம்ல ஒரு சத்தம் கெடையாது. வேலுத்தாய்தான் அப்பப்ப இவ கையப் புடிச்சு, "மதினி, வாசம் ஏதும் வருதா?"ன்னு கேக்கும். பழைய நெனப்பு. இவ தலைய ஆட்டிட்டு உக்காந்திருப்பா. ஆமான்னு ஆட்டுறாளா, இல்லன்னு ஆட்டுறாளான்னு அதுக்கும் தெரியாது.

போன ஆனி மாசம் இவ ஆத்தா செத்துப் போச்சு. ஒத்தப் பொம்பளப் புள்ள இவதான். ஊரே கூடிக் கெடக்கு, பொம்பளைக எல்லாம் மாரடிச்சு அழுகுறாக. இவ ஆத்தா தலைமாட்டுல உக்காந்து, செவுத்துல ஓடுற பல்லியப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இட்டிலி குடுத்தாக, சாப்பிட்டா. இவ அண்ணன் என் சட்டையப் புடிச்சு, "என் தங்கச்சிய என்னடா பண்ணுன?"ன்னான். நான் என்ன பண்ணுனேன்? துக்கம் தாங்காம அங்கயே வலிப்பு வந்து விழுந்திருந்தா அவனா பாப்பான்? எம்புட்டு மனத்தெம்பா உக்காந்திருந்தா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அதனால சொல்றேன், உங்க பாப்பாவுக்கும் அவுக அளவாத்தான் எழுதுவாக. கொஞ்சம் மந்தமா இருக்கேன்னு நீங்க போய்ச் சொல்லிராதீங்க. ஒடனே கொறைச்சிருவாக. புள்ள ஓடலைன்னா என்ன, சிரிக்கலைன்னா என்ன, கண்ணு முன்னாடி இருக்குல்ல?

இப்ப ஏன் போறோம்னு கேக்கீகளா? அந்த டாக்டரம்மா விட்டாத்தான. இவ அண்ணன்தான் போன் போட்டு என்னமோ வத்தி வச்சிருப்பான். ஆளக் கூட்டிட்டு வாங்க, ரத்தத்துல மாத்திரை எம்புட்டு இருக்குன்னு பாக்கணும்னு போன் வந்துச்சு. மருந்துக்கடைப் பையன்கிட்ட யோசனை கேட்டேன். "நாலஞ்சு நாளு மொத்தமா நிறுத்திருங்கண்ணே, ரத்தம் சுத்தமாயிரும், ஒண்ணும் தெரியாது"ன்னான். நிறுத்தி வச்சிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மறுபடி குடுத்துறலாம். இடையில வலிப்பு வந்துருமோன்னுதான் மாத்திரைய இங்க சட்டைப் பையிலயே வச்சிருக்கேன்.

என்னது? ஆமா தம்பி, பாடுறா. நானும் கேட்டேன். முணுமுணுன்னு என்னமோ. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு இவ வாயில பாட்டு வந்து. ஏறுனப்ப சும்மாதான் உக்காந்திருந்தா. வழியில ஒரு பாலத்துல ஏறுறப்ப வெளிய எட்டிப் பாத்துச் சிரிச்சா. நாலஞ்சு நாளு விட்டதுக்கே இப்படி. பாத்தீகளா, எம்புட்டு சீக்கிரம் கெட்டுப் போகுதுன்னு.

கனி, என்ன? அவருகிட்ட என்ன கேக்கிற? பாப்பா பேரா? சொல்லுங்க தம்பி, கேக்கா. தன்சிகாவா, நல்ல பேரு. கால விடுடி, பாப்பா தூங்குது, பாதத்தத் தடவிக்கிட்டு. விடுங்க, தடவிட்டுப் போகட்டும். கண்ணுல தண்ணி வருது பாருங்க இவளுக்கு. இப்பப் போய் "எங்கம்மா"ங்கிறா. ஆனியில செத்தவளுக்கு ஐப்பசியில அழுகுறா! எல்லாரும் பாக்கிறாக கனி, தொடச்சுக்கோ.

நீங்க ஏன் தம்பி கால மேல தூக்கி வச்சுக்கிட்டீக? சூடா இருக்கா கீழ? பஸ்ஸுன்னா சூடு வரத்தான் செய்யும். அடியில எஞ்சினு, சைலன்ஸர்னு என்னென்னமோ ஓடுது. பையில இருந்தா? பையில இருந்து எப்படி சூடு வரும்?

சரி, உங்கள்ட்ட சொல்றதுக்கென்ன. நம்ம ஆளு மாதிரி இருக்கீக, வெளிய விட்டுறாதீங்க. துணி மேலாப்புலதான். திருமங்கலத்துல ஒருத்தன் வந்து வாங்கிக்குவான், திருக்கார்த்திகைக்கு ஒரு கோயில்ல வாணம் போடுறவன். கொஞ்சம் வெள்ளி மருந்து கேட்டான். மதுரைக்கு வர்றோம்ல, அப்படியே கையோட கொண்டாந்துட்டேன். பயப்படாதீங்க! நான் என்ன நேத்துப் பொறந்தவனா? ஈரச்சாக்குல ரெண்டு சுத்துச் சுத்தி, மேல ஈரத்துண்டு போட்டிருக்கேன். இந்தச் சாரலும் நல்லா எறங்கியிருக்கு, தொட்டுப் பாருங்க, சொத சொதன்னு. பச்சப்புள்ள மாதிரி தூங்கும். எங்கய்யா ஆயுசு பூரா இப்படித்தான் கொண்டு போனாரு.

என்னடி? பையில என்னவா? உன் சேலைதான், மாத்துத் துணி. ஏன் இப்படி முழிக்கிற? மூக்க உறிஞ்சாத. கனி, மூக்க உறிஞ்சாதன்னேன்.

சொல்லிட்டா தம்பி. "வாசம் வருது"ங்கிறா. எனக்குத் தெரியும், இது வந்துரும்னு. வலிப்பு வரப் போகுது, அந்த முன்னடையாளம்தான் இது. நான் சொன்னேன்ல, அதேதான். இந்தா, மாத்திரை. இந்தா ரெண்டு, முழுங்கு. ரத்தத்துல தெரிஞ்சாத் தெரியட்டும், இந்தக் கூட்டத்துல விழுந்துராம இருந்தாப் போதும். வாயத் தெற. ஏன் தட்டி விடுற? எங்க விழுந்துச்சு, குனிஞ்சு எடுங்க தம்பி, உங்க காலுக்குக் கீழதான் கெடக்கும். வேண்டாம், விடுங்க, வேற தாறேன்.

உக்காரு. உக்காருடி! கண்டக்டர் சார், ஒண்ணுமில்ல, நீங்க விசிலடிக்காதீங்க, வண்டி போகட்டும். உடம்பு சரியில்லாதவ, ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். கள்ளிக்குடி தாண்டுனதும் சரியாயிரும். அம்மா, நீங்க யாரும் எந்திரிக்காதீங்க. இவ இப்படித்தான், ஆபீஸ்லயும் ஒரு நாள் அத்தன பேரையும் வீணா ஓட வச்சவ.

தம்பி, அவ உங்க கையப் புடிச்சு இழுத்தா நீங்களும் எந்திரிச்சிருவீகளா? "பிள்ளையத் தூக்கிட்டு முன்னாடி ஓடுங்க"ங்கிறா, அவ பேச்சு. இவ்வளவு நேரம் தலப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே, அது வியாதின்னு. அந்த வாசம் இவ தலைக்குள்ள மட்டும்தான் வரும். பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கே வரல பாருங்க, இத்தன வருஷம் மருந்துக்குள்ளயே கெடந்தவன் நான். வேற யாருக்கும் வராது. டாக்டரே சொன்னது.

உக்காருங்க தம்பி. பாப்பா மூக்க ஏன் பொத்துறீக?